தேடலில் முதலிடம் யாருக்கு?



வீட்டில் தாத்தாவுக்கு முழங்கால் வலி. பேரன் கணினியின் முன் உட்கார்ந்து 'முழங்கால் வலிக்கு மருந்து' என்று தட்டுகிறான். ஒரு விநாடிகூட ஆகவில்லை, திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் பேரன் பார்ப்பது முதல் மூன்று நான்கு பக்கங்களை மட்டுமே. தாத்தா மருத்துவரிடம் போவாரா, எண்ணெய் தேய்த்துக்கொள்வாரா, யாரோ விற்கும் மாத்திரையை வாங்கி விழுங்குவாரா என்பதை அந்த மூன்று நான்கு பக்கங்களே தீர்மானித்துவிடுகின்றன.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. இந்த வரிசையை யார் போட்டது? ஒரு பக்கத்துக்கு முதலிடமும் இன்னொரு பக்கத்துக்கு ஐந்நூறாவது இடமும் கொடுத்தது யார்?

அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் போட்ட வரிசை அல்ல அது. கணினி போடும் வரிசைதான். ஆனால் அந்தக் கணினி யாரைக் கேட்டுப் போடுகிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. இணையத்தில் எழுதும் கோடிக்கணக்கான மனிதர்களைக் கேட்டுத்தான் போடுகிறது. அவர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை. தங்கள் பக்கங்களில் அவர்கள் வைக்கும் இணைப்புகள் சொல்கின்றன. அழுத்தினால் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் அந்த நீல நிறச் சொற்கள்தாம் இன்றைய உரையின் கதாநாயகர்கள்.

சொற்களை எண்ணிய காலம்

இணையம் பொதுமக்களிடம் வந்த புதிதில் பக்கங்கள் குறைவு. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த பக்கங்களைக் கையாலேயே தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ. நூலகத்தில் நூல்களை அடுக்குவதுபோல விளையாட்டு, அறிவியல், கலை என்று பிரித்து அடுக்கினார்கள். ஆனால் அடுக்குகிறவர் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வந்து குவியும் பக்கங்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அடுத்து வந்தவை கணினியே தேடித்தரும் இயந்திரங்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1995 டிசம்பரில் வெளியிட்ட ஆல்ட்டாவிஸ்டா அவற்றுள் பெயர் பெற்றது. இவை பெரும்பாலும் சொற்களைப் பார்த்தே வேலை செய்தன. நேயர் கேட்ட சொல் ஒரு பக்கத்தில் இருக்கிறதா, எத்தனை தடவை இருக்கிறது, தலைப்பில் இருக்கிறதா என்று பார்த்தன.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை இயந்திரம் அப்படியே நம்பியது. தன் புகழைத் தானே பாடிக்கொள்ள யாருக்குத்தான் தெரியாது? 'மலிவான விமான டிக்கெட்' என்ற சொற்களை ஒரே பக்கத்தில் நூறு தடவை எழுதினார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு அது வெற்றிடம், இயந்திரத்துக்கோ அது விருந்து.

அன்றைய தேடல் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1997 நவம்பரில் பெரிய வணிகத் தேடல் இயந்திரங்கள் நான்கினை எடுத்து, அவற்றின் பெயரையே அவற்றிடம் கொடுத்துத் தேடிப் பார்த்தபோது, தன்னையே முதல் பத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டியது ஒன்றே ஒன்றுதான்! தன் வீட்டு முகவரியைத் தானே மறந்தவர் ஊருக்கு வழி சொல்லப் புறப்பட்ட கதைதான் அது. இதை எழுதி வைத்தவர்கள் அதே ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இருவர். ஒருவர் லேரி பேஜ், மற்றவர் செர்கெய் பிரின்.

நூலகத்திலிருந்து வந்த யோசனை

அவர்கள் கையில் எடுத்த யோசனை புத்தம் புதியது அல்ல. ஆய்வாளர்கள் உலகில் அது முன்பே இருந்தது.

ஓர் அறிவியல் கட்டுரை எழுதுகிறவர், தாம் எந்தெந்தக் கட்டுரைகளிலிருந்து உதவி பெற்றார் என்பதைக் கடைசியில் குறிப்பிடுவது வழக்கம். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் இந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கட்டுரையை எத்தனை பேர் பின்னால் எடுத்துக் காட்டுகிறார்கள் என்று எண்ணினால், அந்தக் கட்டுரை எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடுமே என்று அவருக்குத் தோன்றியது. 1955ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964இல் அவரது நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது.

1976ஆம் ஆண்டு கேப்ரியல் பின்ஸ்கி, ஃபிரான்சிஸ் நாரின் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எத்தனை பேர் எடுத்துக் காட்டினார்கள் என்பது மட்டும் போதாது, எடுத்துக் காட்டுகிறவர் யார் என்பதையும் எடைபோட வேண்டும் என்றார்கள். பெயர் பெற்ற ஆய்விதழ் ஒன்று எடுத்துக் காட்டுவதும், யாரும் படிக்காத இதழ் எடுத்துக் காட்டுவதும் ஒன்றாகுமா?

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வேலைக்கு விண்ணப்பம் போடும் இளைஞரிடம் பத்து நண்பர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்று இருக்கிறது. இன்னொருவரிடம் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த ஒரே கடிதம் இருக்கிறது. முதலாளி எதை நம்புவார்? அதே தலைமையாசிரியர் கேட்டவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவராக இருந்தால், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்குமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர்களுக்குத் தேடல் இயந்திரத்தின் கணக்கும் பாதி புரிந்த மாதிரிதான்.

பேஜும் பிரினும் செய்தது இந்தக் கணக்கை இணையத்தின்மீது பொருத்திப் பார்த்ததுதான். இணையப் பக்கத்தில் உள்ள ஓர் இணைப்பு, ஆய்வுக் கட்டுரையில் உள்ள மேற்கோள் போன்றது என்று கொண்டார்கள். 1996இல் 'பேக்ரப்' என்ற பெயரில் அவர்களது ஆய்வு தொடங்கியது. பேராசிரியர்கள் ராஜீவ் மோத்வானி, டெரி வினோகிராட் இருவரும் துணை நின்றார்கள். ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மோத்வானி 2009இல் காலமானார். இந்தக் கணக்குக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் பேஜ் என்றால் பக்கம். லேரியின் குடும்பப் பெயரும் அதுதான். இரண்டுக்கும் பொருந்தியது.

ஏறக்குறைய அதே சமயத்தில் வேறு இடங்களிலும் இதே திசையில் சிந்தித்தார்கள். ஜான் கிளைன்பெர்க் என்ற கணினி அறிஞர், நல்ல பக்கங்களையும் அவற்றுக்கு நல்ல வழிகாட்டும் பக்கங்களையும் தனித்தனியே எடைபோடும் ஒரு முறையைக் கண்டார். அமெரிக்காவில் வேலை பார்த்த ராபின் லீ 1996இல் 'ராங்க்டெக்ஸ்' என்ற தேடல் முறையை இணைப்புகளின் அடிப்படையில் அமைத்தார். அவரே 2000ஆம் ஆண்டு சீனாவில் பைடூ நிறுவனத்தைத் தொடங்கினார். காலம் கனிந்தால் ஒரே யோசனை பல இடங்களில் முளைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்று பக்கங்களில் ஒரு கணக்கு

கணக்கு எப்படி நடக்கிறது? இணையத்தில் மூன்றே மூன்று பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று பள்ளியின் பக்கம், ஒன்று கோயிலின் பக்கம், மற்றொன்று நூலகத்தின் பக்கம். பள்ளியின் பக்கத்தில் இரண்டு இணைப்புகள் உள்ளன, ஒன்று கோயிலுக்கு, ஒன்று நூலகத்துக்கு. கோயில் பக்கத்தில் நூலகத்துக்கு மட்டும் இணைப்பு. நூலகத்தின் பக்கத்தில் பள்ளிக்கு மட்டும் இணைப்பு.

தொடக்கத்தில் மூன்றுக்கும் ஆளுக்கு 100 மதிப்பெண் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பெண் முழுவதையும் தான் காட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் விதி.

முதல் சுற்றில் பள்ளி தன் 100ஐ இரண்டாக்கி, கோயிலுக்கு 50, நூலகத்துக்கு 50 கொடுக்கிறது. கோயில் தன் 100ஐ நூலகத்துக்குக் கொடுக்கிறது. நூலகம் தன் 100ஐப் பள்ளிக்குக் கொடுக்கிறது. இப்போது பள்ளியிடம் 100, கோயிலிடம் 50, நூலகத்திடம் 150. இரண்டாம் சுற்றில் பள்ளி 150, கோயில் 50, நூலகம் 100 என்று மாறுகிறது. மூன்றாம் சுற்றில் 100, 75, 125. இப்படியே சுற்றிச் சுற்றிப் போனால் ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பள்ளி 120, கோயில் 60, நூலகம் 120 என்று நிலைபெறுகிறது. அதற்குமேல் எத்தனை சுற்றுப் போனாலும் மாற்றம் இல்லை.

இந்த விடையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வந்தது ஒரே ஓர் இணைப்பு. கோயிலுக்கு வந்ததும் ஒரே ஓர் இணைப்பு. ஆனால் பள்ளிக்கு 120, கோயிலுக்கு 60. ஏன்? பள்ளியைக் காட்டியது செல்வாக்குள்ள நூலகம், அதுவும் வேறு யாரையும் காட்டாமல் பள்ளியை மட்டும் காட்டியது. கோயிலைக் காட்டிய பள்ளியோ தன் மதிப்பை இரண்டு பேருக்குப் பங்கிட்டது. தலைகளை மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. இரண்டு இணைப்புகள் பெற்ற நூலகமும் ஒரே இணைப்புப் பெற்ற பள்ளியும் சமமாக நிற்பதற்கும் காரணம் இதுதான்.

இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். வேலை வெட்டி இல்லாத ஒருவர் இணையத்தில் உலாவுகிறார். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளில் கைக்கு வந்த ஒன்றை அழுத்துகிறார், அடுத்த பக்கம் போகிறார், அங்கேயும் அப்படியே. நாள் முழுக்க இப்படி அலைந்தால் எந்தப் பக்கத்தில் அதிகத் தடவை வந்து நிற்பாரோ, அந்தப் பக்கத்துக்கே அதிக மதிப்பு.

ஆனால் அவர் இணைப்பே இல்லாத முட்டுச் சந்து ஒன்றில் மாட்டிக்கொண்டால்? அல்லது ஒன்றையொன்று மட்டும் காட்டிக்கொள்ளும் இரண்டு பக்கங்களுக்கிடையே செக்குமாடுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தால்? அதற்கும் வழி செய்தார்கள். நூற்றுக்கு 85 தடவை அவர் இணைப்பைப் பின்பற்றுவார், மீதி 15 தடவை சலிப்படைந்து, தொடர்பே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்று கணக்கில் சேர்த்தார்கள். யாருமே காட்டாத பக்கத்துக்கும் ஒரு சிறு அடிப்படை மதிப்பெண் இதனால் கிடைத்தது.

மூன்று பக்கங்களுக்குச் செய்த கணக்கை முப்பது லட்சம் பக்கங்களுக்குச் செய்ய முடியுமா? முடிந்தது. 32 கோடியே 20 லட்சம் இணைப்புகள் கொண்ட தொகுப்பை எடுத்துச் சுற்றவிட்டபோது, சுமார் 52 சுற்றுகளிலேயே கணக்கு ஓரளவு நிலைக்கு வந்துவிட்டது. 2 கோடியே 60 லட்சம் பக்கங்களுக்கு மதிப்புப் போட, நடுத்தரக் கணினி ஒன்றுக்குச் சில மணி நேரமே ஆனது. அவர்களது தொடக்க காலச் சேமிப்புக் கருவி, 4 கிகாபைட் கொள்ளளவுள்ள பத்து வட்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளால் கட்டிய பெட்டியில் அடுக்கியது. இன்று பள்ளிப் பிள்ளை கையில் உள்ள தொலைபேசியில் அதைவிட அதிக இடம் உண்டு.

1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் நடந்த மாநாட்டில் இந்த ஆய்வு வெளியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் தொடங்கியது. காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்ட 18 லட்சம் பங்குகள் 2005இல் 33 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டன.

சாட்சி விலைக்கு வந்த கதை

இணைப்பு என்பது ஒருவர் இன்னொருவருக்காகச் சொல்லும் சாட்சி. சாட்சி சொன்னவருக்குத் தாம் சாட்சி சொல்கிறோம் என்றே தெரியாது. ஒரு நல்ல பக்கத்தைக் கண்டார், படிப்பவருக்கு உதவுமே என்று காட்டினார், அவ்வளவுதான். அந்தக் கபடமில்லாத செயலில்தான் பேஜ்ரேங்கின் பலம் முழுவதும் இருந்தது.

ஆனால் இணைப்புக்கு விலை உண்டு என்று ஊருக்குத் தெரிந்த நாள் முதல் கபடமும் வந்து சேர்ந்தது.

முதலில் வேடிக்கைக்காகச் செய்தார்கள். ஓர் இணைப்பு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதை மட்டுமல்ல, எந்தச் சொல்லைக்கொண்டு காட்டுகிறது என்பதையும் கூகுள் கவனித்தது. உலகெங்கும் உள்ளவர்கள் 'அடோபி ரீடர் மென்பொருளைப் பெற இங்கே சொடுக்குக' என்று எழுதி வைத்ததால், ஆங்கிலத்தில் 'இங்கே சொடுக்குக' என்று தேடினால் நெடுங்காலம் அடோபி நிறுவனத்தின் பக்கமே முன்னால் வந்து நின்றது! இந்த இயல்பை 2003இல் சிலர் அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள். 'படுதோல்வி' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களை வைத்து, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு ஆளுக்கோர் இணைப்புக் கொடுத்தார்கள். அந்தச் சொற்களைத் தேடியவருக்கு வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வப் பக்கமே முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்கள் கிடையாது. எதிர்த்தரப்பினர் சும்மா இருப்பார்களா? அதிபரைக் கடுமையாக விமர்சித்த திரைப்பட இயக்குநர் மைக்கேல் மூரின் பக்கத்துக்கும் அதே சொற்களால் இணைப்புக் கொடுத்தார்கள். 2007 ஜனவரியில்தான் கூகுள் தன் கணக்கைத் திருத்தி இந்த விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பிறகு பணத்துக்காகச் செய்தார்கள். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொகுதியே மாதக்கணக்கில் முதலிடத்தில் வந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தங்களுக்கு இது தெரியாது என்று நிறுவனம் மறுத்தது, தேடல் தொடர்பான வேலைக்கு அமர்த்தியிருந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. கூகுள் நடவடிக்கை எடுத்த மாலையில், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. 2012 ஏப்ரலில், இணைப்புகளை விலைக்கு வாங்கியும் பண்ணை வைத்தும் பெருக்கிய பக்கங்களைக் கீழே தள்ளும் 'பெங்குவின்' என்ற திருத்தத்தைக் கூகுள் கொண்டுவந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகச் சிந்திக்க வைத்தது 2010 நவம்பரில் அதே நாளிதழில் வந்த இன்னொரு செய்தி. இணையத்தில் மூக்குக்கண்ணாடி விற்ற ஒருவர், வாடிக்கையாளர்களைத் திட்டி மிரட்டி வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் இணையம் எங்கும் அவரைப் பற்றிப் புகார் எழுதினார்கள். புகார் எழுதும்போது அவரது கடைக்கு இணைப்பும் கொடுத்தார்கள். புகார் பெருகப் பெருகத் தேடலில் தம் கடை மேலே வருகிறது என்று அந்த மனிதர் பெருமையோடு சொல்லிக்கொண்டார்! செய்தி வெளியான சில நாள்களில் கூகுள் தன் கணக்கை மாற்றியது. பின்னர் அந்த வியாபாரிக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தின் பாடம் என்ன? வெறும் இணைப்பைப் பார்க்கும் இயந்திரத்துக்குப் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றுதான். 'இவரிடம் போங்கள்' என்று காட்டும் விரலும் 'இவரிடம் போகாதீர்கள்' என்று காட்டும் விரலும் ஒரே ஆளைத்தானே காட்டுகின்றன?

முதலிடம் என்றால் உண்மை என்று பொருளா?

இங்கேதான் நேயர்கள் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இணைப்புகளின் கணக்கு அளப்பது கவனத்தை, உண்மையை அல்ல. ஒரு பக்கத்தை எத்தனை பேர், எத்தகையவர்கள் பொருட்படுத்தினார்கள் என்பதை அது சொல்லும். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது சரியா என்று அது சொல்லாது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பல நல்லவர்கள் காட்டும் பக்கம் நல்லதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் எப்போதும் அப்படி என்று சத்தியம் செய்ய முடியாது.

அதோடு, இன்று நேற்று எழுதப்பட்ட புதிய பக்கத்துக்கு இணைப்புச் சேர நாளாகும். ஏற்கனவே மேலே இருப்பது கண்ணில் படும், கண்ணில் படுவதற்கே இணைப்பு சேரும், இணைப்பு சேர்ந்தது மேலும் மேலே போகும். பணமுள்ளவனிடமே பணம் சேருவது போன்ற இந்தப் போக்கில், நல்ல பக்கம் ஒன்று அடியிலேயே கிடந்துவிடுவதும் உண்டு.

இன்றைய தேடல் இயந்திரங்கள் இணைப்பை மட்டும் நம்பி இருக்கவில்லை. சொற்களின் பொருள், பக்கத்தின் புதுமை, தேடுபவர் இருக்கும் இடம், தொலைபேசியில் படிக்க வசதியாக இருக்கிறதா என்று எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஒரு பக்கத்தின் பேஜ்ரேங்க் மதிப்பைப் பொதுமக்களுக்குக் காட்டிவந்த வசதியை 2016இல் கூகுள் நிறுத்தியது. ஆனால் கணக்கை நிறுத்தவில்லை. தன் தரவரிசை முறைகளைப் பற்றிக் கூகுள் வெளியிட்டுள்ள விளக்கத்தில் பேஜ்ரேங்க் இன்றும் இடம்பெறுகிறது. பட்டியலில் விளம்பரங்களாக வருபவை வேறு. அவை பணம் கொடுத்துப் பெற்ற இடங்கள், இணைப்புகளால் வந்த இடங்கள் அல்ல.

2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் தொடங்கி, பட்டியலுக்கு மேலே செயற்கை அறிவு தொகுத்த சுருக்கமான பதிலும் வரத் தொடங்கியது. பதில் கைக்கே வந்துவிடுவதால் பலர் மூலப் பக்கத்துக்குப் போவதே இல்லை. யார் சொன்னது என்று பார்க்கும் பழக்கம் போய்விட்டால், சாட்சியைப் பார்க்காமலே தீர்ப்பை ஏற்றுக்கொள்கிற நிலை வந்துவிடும். பதிலுக்குப் பக்கத்தில் உள்ள இணைப்பை ஒருமுறையாவது அழுத்திப் பார்ப்பது நல்லது. அந்தப் பக்கத்தை எழுதியவர் யார்? அவர் மருத்துவரா, மாத்திரை விற்பவரா? இந்த ஒரு கேள்வி பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

தமிழில் எழுதுகிறவர்களின் கடமை

இந்தக் கணக்கு தமிழுக்கு என்ன சொல்கிறது?

தமிழ் இணையம் தொடங்கிய காலத்தில் ஆளுக்கோர் எழுத்துரு. ஒரே தமிழ்ச் சொல், எழுத்துருவுக்கு ஏற்பக் கணினிக்குள் வெவ்வேறு குறியீடாக இருந்தது. எழுத்துருவையும் விசைப்பலகையையும் பொதுவாக்குவது பற்றி 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடு ஆராய்ந்தது. பின்னர் யூனிகோடு பரவிய பிறகே தமிழில் தட்டித் தமிழில் தேடுவது எளிதாயிற்று. சொல் புரியாத அந்தக் காலத்திலும் இயந்திரத்துக்கு விளங்கிய ஒன்று உண்டு. ஒரு தமிழ்ப் பக்கம் இன்னொரு தமிழ்ப் பக்கத்துக்குக் கொடுத்த இணைப்புதான் அது. விரல் நீட்டிக் காட்டுவதற்கு எழுத்துரு தேவையில்லை.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் விரல் நீட்டும் பழக்கம்தான் போதுமான அளவு வளரவில்லை. ஒருவர் நூலகம் நூலகமாக அலைந்து, பழைய இதழ்களைப் புரட்டி, ஒரு கட்டுரையை எழுதி இணையத்தில் வைக்கிறார். இன்னொருவர் அதை அப்படியே எடுத்துத் தம் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடியில் 'நன்றி: இணையம்' என்று எழுதுகிறார். இணையம் என்ன ஓர் ஆளா, நன்றியை வாங்கிக்கொள்ள? இயந்திரம் இரண்டு பக்கங்களையும் பார்க்கிறது. இரண்டிலும் ஒரே கட்டுரை. உழைத்தவர் யார், எடுத்துக்கொண்டவர் யார் என்று சொல்ல நடுவில் ஓர் இணைப்பு இல்லை. எடுத்துக்கொண்டவருக்குச் செல்வாக்கு அதிகம் என்றால் அவரே மேலே வந்துவிடவும் கூடும். உழைத்தவர் சோர்ந்துபோய் எழுதுவதை நிறுத்தினால் நட்டம் யாருக்கு? அவருக்கு மட்டுமா?

'நன்றி: இணையம்' என்பதற்குப் பதிலாக, எழுதியவர் பெயரைப் போட்டு அவர் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. செலவும் இல்லை. பள்ளியின் பக்கம் ஊர் நூலகத்தைக் காட்டலாம், கோயிலின் பக்கம் தல வரலாற்றை ஆராய்ந்து எழுதியவரைக் காட்டலாம், சங்கத்தின் பக்கம் பிற சங்கங்களின் நல்ல வேலையைக் காட்டலாம். பிறர் நம்மை முந்திவிடுவார்களோ என்று அஞ்சி ஒருவரையும் காட்டாமல் இருக்கும் பக்கங்கள் முட்டுச் சந்துகள். வந்தவர் அங்கேயே நின்று திரும்பிவிடுவார்.

தமிழில் தேடும் பிள்ளைக்கு நாளை எந்தப் பக்கம் முதலில் வரும் என்பதில் இன்று எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. நல்லதைக் கண்டால் பெயர் சொல்லிக் காட்டட்டும். கெட்டதைப் பற்றி எச்சரிக்க வேண்டுமானால், அதற்கு இணைப்புக் கொடுக்காமலே எச்சரிக்கட்டும்.